குரோம் தொட்டியின் மூடுபனியை அடக்கியது எப்படி

எங்கள் கடினக் குரோம் முலாம் பிரிவில் (தேய்மானத்தைத் தாங்க உலோகப் பாகங்கள்மேல் குரோமியம் பூசும் இடம்) காற்று மாசைக் குறைக்கும் பொறுப்பு என்னிடம் வந்தபோது, எவ்வளவு பெரிய ஸ்க்ரப்பர் (வெளியேறும் காற்றைக் கழுவிச் சுத்தமாக்கும் கருவி) வாங்குவது என்பதே எல்லோருடைய பேச்சும். புகைபோக்கியை விட்டுவிட்டுத் தொட்டியிலிருந்து தொடங்கலாம் என்றேன்.

காரணம் உண்டு. வழக்கமான குரோமிக் அமிலத் தொட்டியில், கொடுக்கும் மின்சாரத்தில் ஏறக்குறைய 10 முதல் 20 சதவீதம்தான் உலோகம் படிவதற்குப் போகிறது. மீதியில் பெரும்பகுதி ஹைட்ரஜனும் ஆக்சிஜனுமாகக் குமிழிடுகிறது. குமிழி வெடிக்கும்போது அமிலம் நுண்துளிகளாகத் தெறித்து மூடுபனியாக எழும்புகிறது. அதிலிருப்பது ஆறு இணைதிறன் குரோமியம். நுரையீரல் புற்றுநோயைத் தரக்கூடியது. மூக்கின் நடுச்சுவரையே துளைத்துவிடும்.

முதல் வேலை, தொட்டிக் கரைசலின் பரப்பு இழுவிசையைக் குறைக்கும் ரசாயன மருந்தைச் சேர்த்தது. சென்டிமீட்டருக்குச் சுமார் 70 டைன் இருந்ததை 40க்குக் கீழே கொண்டுவந்தோம். இழுவிசை குறைந்தால் குமிழி குறைந்த விசையோடு உடைகிறது, தெறிப்பு அடங்குகிறது. அளப்பதற்குத் துளி எண்ணும் கண்ணாடிக் குழாய் போதும். குழாயிலுள்ள அதே அளவுக் கரைசலிலிருந்து விழும் துளிகள் கூடினால் இழுவிசை குறைந்திருக்கிறது என்று பொருள். மருந்தைத் தேர்ந்தெடுப்பதுதான் தலைவலி. பழைய வகைகளில் இருந்த பிஎஃப்ஓஎஸ் என்ற ஃபுளோரின் சேர்மம், எளிதில் அழியாத நச்சுப்பொருள்களைக் கட்டுப்படுத்தும் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கைப் பட்டியலில் 2009இலேயே ஏறிவிட்டது. ஃபுளோரின் இல்லாத மருந்தையோ குரோமிக் அமிலம் சீக்கிரமே சிதைத்துவிடுகிறது. அடிக்கடி ஊற்ற வேண்டும். அப்படிச் சிதையும்போது தொட்டியில் மூன்று இணைதிறன் குரோமியம் சேர்கிறதா என்றும் கண்காணிக்க வேண்டும். தொல்லைதான், ஆனாலும் இதையே வைத்துக்கொண்டோம்.

அடுத்து உறிஞ்சும் காற்றோட்டம். காற்றின் போக்கைக் காட்டப் புகை விடும் சிறு குழலை வைத்துப் பார்த்ததில், தொட்டியோர உறிஞ்சு வாய்க்குப் போக வேண்டிய காற்று எதிர்ப்பக்கம் ஓடியது. வெக்கைக்காகத் தொழிலாளர்கள் வைத்திருந்த மின்விசிறியின் வேலை அது. அதை இடம் மாற்றியதற்கு நான் வாங்கிய திட்டு கொஞ்சமல்ல. அவர்கள் கோபத்திலும் நியாயம் இருந்தது; தனியே குளிர்காற்றுக் குழாய் போட்டுக் கொடுத்த பிறகே சமாதானம் ஆனார்கள்.

இதற்கெல்லாம் பிறகுதான் துளிகளைப் பிடிக்கும் வலையடுக்கு வடிகட்டி பொருத்தினோம். முதலில் பேசியதைவிடச் சிறியதே போதுமானதாக இருந்தது. வலையைக் கழுவிய நீரைத் தொட்டிக்கே திருப்புகிறோம். 55 டிகிரி சூட்டில் ஆவியாகும் நீரை அது ஈடுகட்டுகிறது, குரோமியமும் வீணாவதில்லை. வடிகட்டிக்கு முன்னும் பின்னும் உள்ள காற்றழுத்த வேறுபாட்டைக் காட்டும் மானியைத் தினமும் குறித்துவைக்கிறோம்: ஏறினால் வலை அடைத்திருக்கிறது, சட்டென்று இறங்கினால் எங்கோ கிழிசல்.

புகைபோக்கிச் சோதனையில், மாதிரி இழுக்கும் வேகம் வாயு ஓடும் வேகத்தோடு ஒத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் துளிகளின் கணக்கு பிசகும். சோதனைக்காரர்கள் அதைச் சரிபார்த்த பிறகே எடுத்தார்கள். முடிவு வரம்புக்குள் வந்தது. பளபளப்புக்காகப் பூசும் அலங்காரக் குரோம் வரிசையை, நச்சு குறைந்த மூன்று இணைதிறன் குரோமியக் கரைசலுக்கு மாற்றும் வேலை இப்போது நடக்கிறது.