பி-23

காலையில் கேஸ் சிலிண்டர் வந்தது. கைப்பிடி வளையத்தின் உட்புறம் பார்த்தேன். பி-23. அதாவது 2023 ஜூனோடு சோதனைக் கெடு முடிஞ்சாச்சு.

“தம்பி, இது வேணாம்ப்பா.”

“இதெல்லாம் யாருண்ணே பாக்குறாங்க?”

எனக்கு ‘ஃபாரஸ்டல்’ ஞாபகம். வியட்நாம் போரில் டோங்கின் வளைகுடாவில் நின்ற அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல். நாள் முழுக்கத் தாக்குதல், குண்டு இருப்பு கரைந்தது. 1967 ஜூலை 28 அன்று ‘டயமண்ட் ஹெட்’ சரக்குக் கப்பல் நடுக்கடலில் குண்டுகளை ஏற்றிவிட்டது. அதில் தலா 1,000 பவுண்டு எடையுள்ள பழைய குண்டுகளும் இருந்தன. துரு ஏறியவை.

கையாளுகிறவர்களுக்குப் பார்த்ததுமே பயம். கீழே கிடங்கில் வைக்கக்கூட மனசில்லை. ஆனால் மறுநாள் தாக்குதலுக்குக் குண்டு வேணுமே!

மறுநாள் காலை ஓடுதளத்தில் நின்ற விமானத்திலிருந்து ராக்கெட் ஒன்று தானாகப் பாய்ந்தது. எதிரே நின்ற விமானத்தின் எரிபொருள் கொட்டித் தீப்பிடித்தது.

புதுக் குண்டுகள் தீயில் சில நிமிடமாவது தாங்கும். அந்த நம்பிக்கையில்தான் தீயணைப்புக் குழு கிட்டே ஓடியது.

பழையது ஒன்றரை நிமிடத்தில் வெடித்தது.

மொத்தம் 134 பேர்.

தம்பி முணுமுணுத்துக்கொண்டே சிலிண்டரை வண்டியில் ஏற்றினான். அடுத்த தெருவில் யார் வீட்டில் இறக்கினானோ.