செல் எண்ணி வைக்கும் ஒரே பிரதி

டிஎன்ஏவின் ஒரு பகுதியை டியூபுக்குள் பல மடங்கு நகலெடுக்கும் முறைதான் பிசிஆர். அதற்கு மிக்ஸ் போடும்போது பயிற்சிக்கு வரும் எம்.எஸ்சி. பிள்ளைகள் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "அக்கா, செல்லுக்குள்ள நடக்கறதத்தானே இந்த மெஷினும் பண்ணுது?" பாதி சரி. மீதிப் பாதியைச் சொல்ல எனக்கு அவ்வளவு ஆசை.

டியூபுக்குள் நாம் போடுவது கொஞ்சம்தான். நகலெடுக்க வேண்டிய டிஎன்ஏ, நகல் தொடங்கும் இடத்தைக் குறிக்கும் இரண்டு ப்ரைமர் (சிறு டிஎன்ஏ துண்டுகள்), டிஎன்ஏவைக் கட்டும் நான்கு எழுத்துகள், மெக்னீசியம் கலந்த பஃபர் கரைசல், கடைசியாக நகலை எழுதும் என்சைமான டாக் பாலிமரேஸ். டாக் கிளிசராலில் இருப்பதால் ஃப்ரீசரிலும் உறையாது. பிப்பெட் டிப்பை ஆழமாக அமிழ்த்தினால் வெளிப்புறத்திலும் ஒட்டிக்கொண்டு வரும். நுனி மட்டும் பட, மெதுவாக இழுக்க வேண்டும். விட்டதும் பாகு மாதிரி அடியில் இறங்கும்.

செல்லில் இரட்டை இழையைப் பிரிக்க ஹெலிகேஸ் என்ற என்சைம், செல்லின் எரிபொருளான ஏடிபியைச் செலவழித்து உழைக்கிறது. நாம் 94 டிகிரிக்குச் சூடேற்றிப் பிரித்துவிடுகிறோம். 1983இல் கலிஃபோர்னியாவின் சீட்டஸ் நிறுவனத்தில் கேரி மல்லிஸ் இந்த முறையை யோசித்த காலத்தில் கையில் இருந்தது ஈ. கோலையின் பாலிமரேஸ். அந்தச் சூட்டில் அது செத்துப்போகும். ஒவ்வொரு சுற்றுக்கும் டியூபைத் திறந்து புதிதாக ஊற்ற வேண்டும். யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றில் தாமஸ் பிராக் கண்டெடுத்து 1969இல் விவரித்த பாக்டீரியாவின் சூடு தாங்கும் என்சைமான டாக்தான் அந்தத் தொல்லையைத் தீர்த்தது.

பிள்ளைகள் அதிகம் வியப்பது ஒகசாகி துண்டுகளைப் பற்றிச் சொல்லும்போதுதான். பாலிமரேஸ் ஒரே திசையில்தான் எழுதும். செல்லில் எதிரெதிர்த் திசையில் ஓடும் இரண்டு இழையும் ஒரே கவையில் பிரிந்துகொண்டே நகலாவதால், ஒரு இழையைத் துண்டு துண்டாக எழுதி லிகேஸால் ஒட்ட வேண்டியிருக்கிறது. நம் டியூபில் இழைகள் முழுசாகப் பிரிந்துவிடுகின்றன, ஆளுக்கொரு ப்ரைமர் இருக்கிறது. துண்டும் இல்லை, ஒட்டும் வேலையும் இல்லை.

ஆனால் என்னை மலைக்க வைப்பது வேறு. 30 சுற்றில் ஒரு மூலக்கூறு, கணக்குப்படி, 107 கோடியைத் தாண்டும். பெருக்குவதில் பிசிஆருக்கு ஈடில்லை. மனித செல்லோ 600 கோடிக்கும் மேற்பட்ட எழுத்துகளை, ஒரு பிரிதலுக்கு ஒரே ஒரு முறை நகலெடுத்து நிறுத்துகிறது. நகலெடுப்பு ஆயிரக்கணக்கான இடங்களில் தொடங்குகிறது. ஒருமுறை தொடங்கிய இடம், செல் பிரியும்வரை மறுபடி தொடங்காதபடி பூட்டப்படுகிறது. பூட்டு தவறினால் மரபணுத் தொகுதியே சிதையும். பெருக்குவதைவிட இந்த நிறுத்தல்தான் பெரிய சாதனை என்பேன்.

பிழைக் கணக்கிலும் அப்படித்தான். டாக்குக்குத் தான் எழுதியதைத் திரும்பிப் பார்த்துத் திருத்தத் தெரியாது. 10,000 முதல் 1 லட்சம் எழுத்துக்கு ஒன்று தப்பும். செல் உடனுக்குடன் திருத்தி, பின்னால் இன்னொரு குழுவை அனுப்பியும் சரிபார்ப்பதால் 100 கோடிக்கு ஒன்று என்ற அளவில் நிற்கிறது.

கிருமி இருக்கிறதா இல்லையா என்று பார்க்க டாக் தாராளமாகப் போதும். பிழைகள் பெரும்பாலும் எழுத்தை மாற்றுமே தவிர நீளத்தை மாற்றாது, அதனால் டிஎன்ஏவை நீளப்படி பிரித்துக் காட்டும் ஜெல்லில் பேண்ட் (கோடு) அழகாகவே வரும். டிஎன்ஏ துண்டை பாக்டீரியாவுக்குள் வைத்துப் பெருக்கும் குளோனிங் என்றால் கதை வேறு. அதில் நாம் பொறுக்குவது ஒற்றை மூலக்கூறை, அதில் இருக்கும் பிழை அதிலிருந்து வளரும் பாக்டீரியாக் காலனி முழுவதற்கும் போகும். அதனால் குளோனிங்குக்குத் திருத்தத் தெரிந்த பிஎஃப்யூ பாலிமரேஸைத்தான் எடுக்கச் சொல்வேன். அதன் பிறகும் சீக்வென்ஸ் (எழுத்து வரிசை) பார்க்காமல் ஒரு குளோனையும் ஃப்ரீசரில் வைக்க விடமாட்டேன்.