தாரண வருஷம், மாசி மாதம்

எங்கள் வீட்டில் பெரிய தாத்தாவுக்கு மட்டும் திதி கிடையாது. இறந்த நாள் தெரியாதவர்களுக்கு மகாளய அமாவாசையில் படைப்பது வழக்கம். அவருக்கும் அப்பா அன்றைக்குத்தான் எள்ளும் தண்ணீரும் விட்டுவந்தார். தாத்தாவுக்கு அண்ணன் அவர். இரண்டாம் உலகப் போரில் பர்மாவுக்குப் போனார், திரும்பவில்லை. வீட்டில் தெரிந்தது அவ்வளவுதான். ஒரு போட்டோகூட இல்லை.

அவர் மனைவி, பெரிய ஆயா (வேலூர்ப் பக்கம் பாட்டியை ஆயா என்போம்), கடைசிவரை தாலியைக் கழற்றவில்லை. மாதாமாதம் பென்ஷன் வாங்கினார். ஆனாலும் "உடம்பைப் பார்த்தவங்க யாரு?" என்று கேட்பார். அவருடைய மகள், என் அத்தை, தகப்பன் பட்டாளத்துக்குப் போனபோது கைக்குழந்தை. 2017-இல் ஒருநாள் அத்தைதான் ஆரம்பித்தார். "கம்ப்யூட்டர்ல எல்லாம் இருக்குதுன்றீங்களே, எங்கப்பன் செத்த தேதி இருக்காதா?"

காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் இரண்டு உலகப் போர்களிலும் பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்துப் படைகளில் இருந்து இறந்த சுமார் 17 லட்சம் பேரின் பதிவு இருக்கிறது. யாரும் தேடலாம், காசு கிடையாது. நான் பெயரைப் போட்டுத் தேடினேன். வரவில்லை. எங்கள் பெரிய தாத்தாவின் பெயர் 'சாமி' என்று முடியும். அந்தச் சாமியை ஒரு எழுத்தர் 'எஸ், ஏ, எம், ஐ' என்று எழுதியிருப்பார், இன்னொருவர் கடைசியில் 'ஒய்' போட்டிருப்பார், மற்றொருவர் நடுவில் 'டபிள்யூ' சேர்த்திருப்பார். எல்லாவற்றையும் மாற்றிமாற்றிப் போட்டால் நூற்றுக்கணக்கில் சாமிகள் வந்தார்கள். அத்தனை பேரும் செத்துப்போன பிள்ளைகள். இரண்டு இரவு அந்தப் பட்டியலைப் படித்ததில் நம் ஆள் எவர் என்பதே மறந்துபோனது.

நேரில் விசாரிக்கலாம் என்று ஓர் அலுவலகத்துக்குப் போனேன். "பட்டாள நம்பர் இருக்கா? இல்லையா? அப்ப ஒண்ணும் பண்ண முடியாது" என்று அனுப்பிவிட்டார்கள். மனசுக்குக் கஷ்டமாக இருந்தாலும் அவர்கள் கேட்டது சரியான கேள்வி. அத்தை வீட்டுத் தகரப் பெட்டியைக் குடைந்தபோது ஆயாவின் பென்ஷன் புத்தகம் கிடைத்தது. கரையான் அரித்தது போக ஒரு நம்பரும், 'எஸ் அண்ட் எம்' என்ற எழுத்துகளும் மிச்சம் இருந்தன. எனக்கு அது புரியவில்லை. எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற ஹவில்தார் பார்த்த மாத்திரத்தில் சொன்னார்: "சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ். பெங்களூர் பட்டாளம். எங்களைத் தம்பிகள்னுதான் கூப்பிடுவாங்க." பாலம் கட்டுவது, கண்ணிவெடி எடுப்பது, ஆற்றைக் கடக்கத் தெப்பம் போடுவது, இதெல்லாம் மெட்ராஸ் சாப்பர்களின் வேலை. நான் அதுவரை மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் தேடிக்கொண்டிருந்தேன்.

பெயரை விட்டுவிட்டு நம்பரை மட்டும் போட்டேன். ஒரே ஒரு பதிவு வந்தது. தகப்பனார் பெயர் சரி. மாவட்டம் வட ஆற்காடு. ஊர்ப் பெயரை மட்டும் வாய்விட்டுப் படித்துத்தான் கண்டுபிடிக்க முடிந்தது. இறந்த தேதி 1945 மார்ச் 5. பிரிட்டிஷாரின் பதினான்காவது படை ஐராவதி ஆற்றைக் கடந்து மெய்க்டிலா, மாண்டலே பக்கம் சண்டை போட்ட நாட்கள் அவை. எப்படி இறந்தார் என்று அதில் இல்லை.

அத்தைக்குப் போன் செய்தேன். வெகுநேரம் பேசவில்லை. அப்புறம், "என்ன கிழமை?" என்றார். திங்கட்கிழமை என்றேன்.

தேடப்போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். முதல் உலகப் போரில் இறந்தவர் என்றால் பெயரே இல்லாமல் போகலாம். ஈராக்கில் உள்ள பஸ்ரா நினைவிடத்தில் இந்திய அதிகாரிகளின் பெயரைச் செதுக்கிவிட்டு, சிப்பாய்களை வெறும் எண்ணிக்கையாகப் போட்டார்கள். இப்படி நடந்ததை ஆணையமே 2021 அறிக்கையில் ஒப்புக்கொண்டு மன்னிப்பும் கேட்டது. நம் ஊர்களிலும் 'இந்தக் கிராமத்திலிருந்து இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள்' என்று பதித்த கல்வெட்டுகள் உண்டு. அவற்றிலும் பெயர் கிடையாது. எனக்கு அதைப் படிக்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

பெரிய தாத்தாவின் பெயர் ரங்கூன் நினைவிடத்தில் இருப்பதாகப் பதிவு சொன்னது. கல்லறை தெரியாத சுமார் 27,000 பேருக்கானது அது. தூணின் எந்த முகப்பு என்ற எண்ணும் கொடுத்திருந்தார்கள். அதைக் குறித்துக்கொண்டு 2018 டிசம்பரில் போனேன். விசா ஆன்லைனிலேயே கிடைத்தது. கொல்கத்தா வழியாக யாங்கோன் (பழைய ரங்கூன்), அங்கிருந்து வடக்கே 35 கிலோமீட்டர் காரில் போனால் தவுக்யான். நினைவிடம் அங்குள்ள போர்க் கல்லறையில்தான் இருக்கிறது. வாசல் தாண்டினால் பச்சைப் புல்லில் ஆறாயிரத்துக்கும் மேலான கல்லறைகள், நடுவில் இரண்டு பக்கமும் நீளும் தூண்வரிசை. 'சுதந்திர மனிதர் அனைவருக்காகவும் இவர்கள் இறந்தனர்' என்ற வாசகம் ஆங்கிலம், பர்மியம், இந்தி, உருது, குர்முகியில் இருக்கிறது. தமிழில் இல்லை. சுற்றிச்சுற்றி வந்து தேடினேன், இல்லை.

பெயர்களைப் படைப்பிரிவு வாரியாக, பதவி வாரியாக, அகரவரிசையில் செதுக்கியிருந்தார்கள். விரல் வைத்துக்கொண்டே வந்தேன். அவர் பெயர் என் மார்பு உயரத்தில் இருந்தது. வெயிலில் கல் சுட்டது. மேலும் கீழும் சாமிகள், ராஜுகள், முத்துகள். ஒரு வெள்ளைத்தாளை மேலே வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பெயரை எடுத்துக்கொண்டேன். கற்பூரம் ஏற்றலாமா என்று தோட்டக்காரரிடம் சைகையில் கேட்டேன். கல்லுக்குத் தள்ளி, தரையில் என்று காட்டினார். வீட்டிலிருந்து கொண்டுபோன அகலில் ஏற்றினேன். அணையும்வரை அவரும் பக்கத்தில் நின்றார்.

ஊருக்கு வந்ததும் ஜோசியர் நூறு வருஷப் பஞ்சாங்கத்தைப் புரட்டினார். தாரண வருஷம், மாசி மாதம், தேய்பிறை. திதியையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

2019 மாசியில் அவருக்கென்று முதல்முறையாகப் படைத்தோம். பென்சில் தாளைக் கண்ணாடி போட்டு ஆயாவின் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தோம். அத்தைக்கு இங்கிலீஷ் தெரியாது. சந்தனக் கிண்ணத்தோடு வந்து, "இதுல அப்பா பேரு எங்கே ஆரம்பிக்குது?" என்று கேட்டார். முதல் எழுத்தைக் காட்டினேன். கண்ணாடிமேல் அந்த இடத்தில் பொட்டு வைத்தார்.