எந்த வாங்கில் இருத்துவது

2013இல் விசேட கல்விக்கான ஆசிரிய ஆலோசகராகப் பொறுப்பெடுத்தேன். போருக்குப் பிறகு மீள்குடியேற்றம் முடிந்தும் முடியாமலும் இருந்த காலம். நான் போய் வந்த முல்லைத்தீவுப் பக்கத்துப் பாடசாலைகள் சில அப்போதும் தகரக் கொட்டகைகளில்தான் நடந்தன. இந்தப் பிள்ளை சாதாரண வகுப்பில் இருக்கலாமா, விசேட கல்வி அலகு என்ற தனி வகுப்புக்குப் போக வேண்டுமா என்று பார்த்துச் சொல்வது என் வேலைகளில் ஒன்று. அதை நான் பிழையாகச் சொன்ன ஒரு பிள்ளையைப் பற்றித்தான் முதலில் எழுத வேண்டும்.

தரம் 3 படித்தாள். கூப்பிட்டால் திரும்ப மாட்டாள், எழுதச் சொன்னால் பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்து எழுதுவாள், சில நாள் ஒன்றுமே எழுதாமல் மேசையில் தலையை வைத்துப் படுத்துவிடுவாள். வகுப்பாசிரியர் "இவளுக்கு ஒண்டும் ஏறாது" என்றார். நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன், நாலைந்து கேள்வி கேட்டேன், மெல்லக் கற்பவள் என்று எழுதி அலகுக்கு மாற்றச் சொன்னேன். மொத்தம் அரை மணித்தியாலம். இப்போது நினைத்தாலும் நெஞ்சு கனக்கிறது.

அலகில் எட்டு மாதம் நிறம் பிரித்தாள், மணி கோர்த்தாள். பிறகு ஒரு நாள் அவளை வளர்த்த அம்மம்மா வந்தார். "ரீச்சர், மழை பெய்யேக்க இவள் என்ர வாயையே பாத்துக்கொண்டு நிக்கிறாள். மழை விட்டாத்தான் மறுமொழி சொல்லுறாள்" என்றார். தகரக் கூரையில் மாரி மழை விழுந்தால் எங்களுக்கே பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. அந்தப் பிள்ளைக்கு வெயில் நாளிலும் பாதிதான் கேட்டிருக்கிறது. யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோய்ச் சோதித்ததில் இரண்டு காதிலும் குறைபாடு என்று தெரிந்தது. நான் செய்திருக்க வேண்டிய முதல் வேலையை அந்த முதியவர் செய்துவிட்டார்.

கேட்கும் கருவி கிடைத்ததும் பழைய வகுப்புக்கே திருப்பி அனுப்பினோம். எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தால், அங்கேதான் உண்மையான வேலை தொடங்கியது. கேட்கும் கருவி அவளுக்கு வேண்டிய குரலை மட்டும் பொறுக்கி எடுத்துக் கொடுக்காது, வீதியில் போகும் உழவு இயந்திரத்தையும் சேர்த்துத்தான் பெரிதாக்கும், ஆசிரியர் தள்ளிப் போகப் போகப் பேச்சு தெளிவில்லாமல் போகும். அதனால் வீதிப் பக்க யன்னலை விட்டு, ஆசிரியரின் முகம் தெரிகிற முன் வாங்கில் இருத்தினோம். கரும்பலகையைப் பார்த்தபடி பாடம் சொல்ல வேண்டாம் என்று ஆசிரியரிடம் கேட்டுக்கொண்டேன். அதைப் பழகவே அவருக்கு ஒரு தவணை எடுத்தது, ஆனாலும் பழகினார். மழை பெய்தால் பாடத்தை எழுதிப் போடுவார். வியர்வையிலும் தூசியிலும் கருவி பழுதாகும், பற்றரி தீரும், அந்த நாள்களில் என்ன செய்வது என்பதையும் யோசித்து வைக்க வேண்டியிருந்தது. "சாதாரண வகுப்பு" என்று அறிக்கையில் எழுத இரண்டு சொல் போதும். அந்த இரண்டு சொல்லுக்குள் இவ்வளவும் இருக்கிறது.

அதற்குப் பிறகு காதும் கண்ணும் சோதிக்காமல், வீட்டுக்கு ஒருமுறை போய்ப் பார்க்காமல், எந்தப் பிள்ளைக்கும் நான் இடம் சொன்னதில்லை.

இன்னொரு பாடசாலையில் சக்கர நாற்காலியில் வரும் பையன் தரம் 6க்கு ஏறியபோது, வகுப்பு மேல்மாடியில், வசதி இல்லை, வேறு பாடசாலையின் அலகுக்கு அனுப்புங்கள் என்றார்கள். கணக்கில் கெட்டிக்காரன், அவனுக்கு எதற்கு அலகு? இயலாமையைக் காரணம் காட்டிச் சேர்க்க மறுக்கக் கூடாது என்று இயலாமையுடையவர்களின் உரிமைகளுக்கான 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. அதைச் சொன்னேன், ஆனால் காரியம் நடந்தது வகுப்பைக் கீழே இறக்கியதால்தான். பெற்றோர் சேர்ந்து சாய்தளம் கட்டினார்கள். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் வேண்டும் என்பது தெரியாமல் முதலில் செங்குத்தாகக் கட்டி, பிறகு உடைத்துக் கட்டினார்கள். அவன் போகக்கூடிய மலசலகூடம் இல்லாததால் பாடசாலை விடும் வரைக்கும் தண்ணீரே குடிக்காமல் இருந்திருக்கிறான். அது எங்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

எல்லாப் பிள்ளையையும் ஊர் வகுப்பில் சேர்த்துவிட்டால் உட்படுத்தல் கல்வி ஆகிவிடும் என்று ஒரு காலம் நானும் நம்பினேன். பிறவியிலேயே அறவே காது கேளாத ஒரு சின்னவன் அந்த எண்ணத்தை மாற்றினான். ஊர்ப் பள்ளியில் தரம் 1 பிள்ளைகள் அவனோடு நல்ல பாசம், சாப்பாட்டைப் பங்கு போட்டுக் கொடுப்பார்கள். ஆனால் சைகை மொழி ஒருவருக்கும் தெரியாது, எனக்கும் அரைகுறை. ஒரு மொழியும் கைக்கு வராமலே வயது ஏறிக்கொண்டிருந்தது. காது கேளாத பிள்ளைகளும் சைகை மொழியில் படிக்கிற கைதடி நவீல்ட் பாடசாலைதான் அவனுக்குச் சரியான இடம் என்று எனக்குத் தெரியும். என்றால் விடுதியில் விட வேண்டும். 2009இல் மற்ற இரண்டு பிள்ளைகளையும் இழந்த தாய் அவர். "கண்ணுக்கு முன்னால இருந்தாப் போதும் ரீச்சர்" என்றார். அதற்கு மேல் நான் என்ன பேச?

ஒருநாள் பார்த்துவிட்டு மட்டும் வருவோம் என்று கூட்டிக்கொண்டு போனேன். முற்றத்தில் பெரிய பிள்ளைகள் கையால் கதைத்துச் சிரித்துக்கொண்டு நின்றார்கள். இவன் அம்மாவின் கையை விட்டுவிட்டு அவர்களுக்கு நடுவில் போய் நின்று, அவர்களின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான். அவர் ஒன்றும் சொல்லவில்லை. திரும்பி வரும்போது பேருந்து ஆனையிறவைத் தாண்டியது, மடியில் அவன் நித்திரை. "அடுத்த மாசமும் ஒருக்காப் போவமே ரீச்சர்" என்று அவராகவே கேட்டார்.