சிலிக்கானோடு எட்டு வருஷம்

சப்பாத்தி மாவு பிசையும்போது, எடுத்துவிட்ட வலது மார்பகத்துக்குப் பதிலாக வைத்த இம்பிளாண்ட், அந்தச் சிலிக்கான் பை, துள்ளும். முதலில் கவனித்தது என் மகள்தான். "அம்மா, ஒரு பக்கம் மட்டும் மேலே ஏறி இறங்குது" என்றாள். குனிந்து பார்த்தேன். கையை அழுத்தும் ஒவ்வொரு தடவையும் வலது பக்கம் சட்டைக்குள் அக்குளை நோக்கி ஏறிப் போய்த் திரும்பி வந்தது. இரண்டு பேரும் அடுப்படியில் நின்று சிரித்தோம். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

எனக்கு வைத்திருப்பது நெஞ்சுத் தசைக்கு அடியில். தசை இறுகினால் அதுவும் நகரும். தசைக்கு மேலேயே வைக்கிற முறையும் இருக்கிறது, எல்லாருக்கும் ஒத்துவராது. ஆப்பரேஷனுக்கு முன்னால் இதை யாரும் சொல்லவில்லை, கேட்க வேண்டும் என்று எனக்கும் தெரியவில்லை. புற்றுநோய் என்று சொன்ன வாரத்தில் மாவு பிசைவதைப் பற்றி யார் யோசிப்பார்கள்?

வலது மார்பகத்தை எடுத்தது 2016 அக்டோபரில், மலேசியாவில் பினாங்கில் ஒரு தனியார் மருத்துவமனையில். எனக்கு அப்போது 46 வயது. செலவுக்குக் காப்புறுதி கொஞ்சம், ஊழியர் சேமநிதியின் இரண்டாம் கணக்கு கொஞ்சம், தம்பி கொஞ்சம். நெறிகட்டியில் பரவவில்லை, அதனால் கதிர்வீச்சு தேவைப்படவில்லை. இம்பிளாண்ட் விஷயத்தில் அது பெரிய நல்ல காலம். கதிர்வீச்சு பட்ட இடத்தில் இறுக்கம் வரும் வாய்ப்பு கூடுதல்.

முதலில் வைத்தது நிஜ இம்பிளாண்ட் இல்லை, எக்ஸ்பாண்டர் என்கிற காலிப் பை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போய் அதில் உப்புநீர் ஏற்றிக்கொள்ள வேண்டும். மிஸ்ஸி, அதாவது நர்ஸ், ஒரு சின்னக் காந்தத்தைத் தோலுக்கு மேலே பிடித்து மெதுவாக நகர்த்துவார். ஊசி போக வேண்டிய வாசல் உள்ளே எங்கே இருக்கிறதோ அங்கே வந்ததும் காந்தம் நேராக நிற்கும். அந்த இடத்தில் பேனாவால் ஒரு புள்ளி. ஊசி குத்துவது துளிகூட வலிக்காது, தோலுக்கு உணர்ச்சியே இல்லையே! வலியெல்லாம் ராத்திரியில்தான், தசை இழுபடும்போது. யாரோ நெஞ்சில் பலகை வைத்துக் கட்டினாற்போல இருக்கும். ஒரு தடவைக்கு 60 மில்லி, ஆறு தடவை. 2017 மார்ச்சில் அதை எடுத்துவிட்டு சிலிக்கான் ஜெல் இம்பிளாண்ட் வைத்தார்கள்.

அந்த உணர்ச்சியில்லாத தோலைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். ஆப்பரேஷன் முடிந்து நாலாவது மாதம், தோள்பட்டை வலி என்று சொன்னேன். மாமியார் பாசமாக வெந்நீர்ப் பையில் ஒத்தடம் கொடுத்தார். பை நழுவி நெஞ்சின் மேல் வந்து உட்கார்ந்திருக்கிறது. எனக்குத் தெரியவே இல்லை, அப்படியே தூங்கிவிட்டேன். காலையில் ஐம்பது காசு அளவுக்குக் கொப்புளம். அது ஆற ஆறு வாரம் ஆனது. மாமியார் என்னைவிட அதிகமாக அழுதார். ஒத்தடம், ஐஸ், வலி நிவாரணச் சூட்டுப் பட்டை எதுவும் அந்த இடத்துக்குப் போகக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எட்டு வருஷமாகியும் நடுவில் ஒரு உள்ளங்கை அகலத்துக்கு இன்னும் மரத்துதான் இருக்கிறது.

குளிரும் ஒரு வேடிக்கை. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் கிளீன் ரூமில் ஷிஃப்ட் முடித்து வந்தால் வலது பக்கம் சில்லென்று இருக்கும். தோலுக்குத் தெரியாது, தொட்டுப் பார்க்கிற கைக்குத்தான் தெரியும்.

படுத்தால் இடது பக்கம் வழக்கம்போலச் சரியும், வலது பக்கம் நிமிர்ந்தே நிற்கும். லிட்டில் இந்தியாவில் எனக்கு ரவிக்கை தைக்கிற அக்காவிடம் ஒரு வருஷம் மறைத்தேன். ரவிக்கை மூன்று தடவை திரும்பப் போனது. கடைசியில் வாயைத் திறந்து சொன்னேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. அளவு நோட்டில் என் பெயருக்குப் பக்கத்தில் "வ. டாட் ½ இஞ்சு மேலே" (வலது பக்க மார்புத் தையல் மடிப்பு) என்று எழுதிக்கொண்டார், அவ்வளவுதான். அதற்கப்புறம் வந்த ரவிக்கைகள் எல்லாம் சரியாக உட்கார்ந்தன.

2019 ஜூலையில்தான் நிஜமாகப் பயந்தேன். மேல்பரப்பு சொரசொரப்பாக இருக்கும் ஒரு ரக இம்பிளாண்டைத் திரும்பப் பெறச் சொல்லி அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ கேட்டுக்கொண்ட செய்தி வாட்ஸ்ஆப்பில் வந்தது. இம்பிளாண்டைச் சுற்றி உடம்பு கட்டுகிற உறையில் வரும் ஒரு வகை லிம்ஃபோமா, அதாவது நிணநீர்ப் புற்றுநோய், பற்றியது அது. மார்பகப் புற்றுநோய் இல்லை, வேறு. அபூர்வம்தான். ஆனால் ஒரு புற்றுநோயைத் தாண்டி வந்தவளிடம் அபூர்வம் என்று சொன்னால் காதில் ஏறுமா?

எனக்கு வைத்தது என்ன ரகம்? தெரியாது. வீட்டுக்கு வரும்போது ஒரு அட்டை கொடுத்திருந்தார்கள், அளவு, சீரியல் எண், மேல்பரப்பு எல்லாம் அதில் இருக்கும். எங்கே வைத்தேன்? இரண்டு நாள் வீட்டைப் புரட்டினோம். தண்ணீர் பில்லுகளுக்கு நடுவில் கிடைத்தது. சொரசொரப்பு ரகமேதான்.

எடுத்துவிடுங்கள் என்று டாக்டரிடம் போய் நின்றேன். அவர் உட்கார வைத்துப் பொறுமையாகப் பேசினார். அறிகுறி இல்லாதவர்கள் எடுக்க வேண்டும் என்று எஃப்டிஏயும் சொல்லவில்லை, இன்னொரு ஆப்பரேஷன் என்றால் அதற்கும் ஆபத்து உண்டு, திடீரென்று வீக்கமோ கட்டியோ வலியோ வந்தால் அன்றைக்கே வா என்றார். யோசித்து, வைத்துக்கொள்வது என்று முடிவு பண்ணினேன். என் நிலைமையில் இருந்த ஒரு தோழி எடுத்துவிட்டாள். அவள் செய்ததும் எனக்குத் தப்பாகத் தெரியவில்லை. அட்டையைப் படமெடுத்து என் போனிலும் மகள் போனிலும் வைத்திருக்கிறோம்.

சிலிக்கான் உள்ளேயே கிழிந்தால் வெளியே தெரியாது, அதனால் ஐந்தாறு வருஷத்தில் முதல் ஸ்கேன், அப்புறம் இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒன்று. 2022இல் அல்ட்ராசவுண்ட் எடுத்தேன், பை முழுசாக இருந்தது. சுற்றியுள்ள உறைதான் கொஞ்சம் இறுகியிருக்கிறது. நான்கு படியில் இரண்டாவது படி என்றார் டாக்டர், அதாவது தொட்டால் கெட்டி, பார்த்தால் தெரியாது. இடது பக்கத்துக்கு வருஷா வருஷம் மேமோகிராம் தனி. இம்பிளாண்ட் ஆயுசுக்கும் இருக்கிற பொருள் இல்லை, என்றாவது மாற்ற வேண்டி வரும். அதற்கென்று ஒரு கணக்கில் மாதம் ஐம்பது வெள்ளி (ரிங்கிட்) போட்டு வருகிறேன்.

தைப்பூசத்துக்கு முதல் நாள் வெள்ளி ரதம் வரும்போது தேங்காய் உடைப்பது எனக்குச் சின்ன வயதிலிருந்து பழக்கம். சீனர்கள் மலைமலையாகக் குவித்து உடைக்கிற இடத்துக்கு நடுவில் நாங்கள் பதினொன்றோடு நிற்போம். ஆப்பரேஷனுக்கு அப்புறம் இரண்டு வருஷம் வேடிக்கை மட்டும் பார்த்தேன். மூன்றாவது வருஷம் இடது கையால் எறிந்தேன், தேங்காய் உருண்டு ஒரு போலீஸ்காரர் காலடியில் போய் நின்றது. அவரே எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தார்.

இந்த வருஷம் வலது கையால் ஓங்கிப் போட்டேன். உள்ளே அது ஒரு துள்ளு துள்ளியது. மகள் என் சட்டையைப் பார்த்தாள், நான் தேங்காயைப் பார்த்தேன். இரண்டாக உடைந்திருந்தது.