பேரிங் போனா எங்க வாங்குறது?

எந்த மெஷினப் பாத்தாலும் எங்கப்பா மொதல்ல கேக்கிறது ஒரே கேள்விதான், "இதுல பேரிங் போனா எங்கடா வாங்குறது?" தலவாக்கலை பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து பெக்டரியில முப்பது வருஷம் மெஷின் பழுது பாக்கிற பிட்டரா இருந்த மனுசன், வேற என்ன கேப்பாரு. ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியா போயிட்டு வந்து (கார்னிவல்ல அந்தச் சின்ன டிராகன் ரயில்ல ஏறினதுக்கே தங்கச்சி மகன் வாந்தி, அது வேற கதை) ராத்திரி நான் போன்ல ரோலர் கோஸ்டர் வீடியோ பாத்துக்கிட்டிருந்தப்பவும் பக்கத்துல வந்து எட்டிப் பாத்துட்டு அதையேதான் கேட்டாரு. எனக்கு இந்தப் பைத்தியம் ரொம்ப நாளா இருக்குது. பெருசு ஒண்ணுல கூட இன்னும் ஏறினதில்ல, ஆனா எது எந்தக் கம்பெனி செஞ்சதுன்னு தண்டவாளத்தப் பாத்தே சொல்லிருவேன்.

யோசிச்சுப் பாத்தா, பொழுதுபோக்கு பார்க் நடத்துறவங்க ரோலர் கோஸ்டர் கட்ட கம்பெனி தேடுறப்ப பாதிக் கத அப்பாவோட கேள்விக்குள்ளயே இருக்குது.

சுவிட்சர்லாந்துல பொலிகர் அண்ட் மபியார்னு ஒரு கோஸ்டர் கம்பெனி, எங்கள மாதிரி கோஸ்டர் பைத்தியங்க பி அண்ட் எம்னு சொல்லுவோம். ரெண்டு இஞ்சினியர் முந்தி வேல செஞ்ச பட்டறைய விட்டுட்டு 1988ல ஆரம்பிச்சது. வெல கூடத்தான், ஆனா வரிசைக்கு நாலு பேருன்னு ஒரு ரயில்ல முப்பது சொச்சம் பேர ஏத்தி, ஒரு ரயில் ஓடுறப்பவே அடுத்ததுல ஆள் ஏத்தி, மணிக்கு ஆயிரத்துக்கு மேல ஆள தள்ளிரும், பெரிய பார்க்குக்கு இதுதான் உயிர், ஏன்னா ரெண்டு மணி நேரம் க்யூல நிக்கிறவன் அந்த நேரத்துல கடையில எதுவும் வாங்க மாட்டான்ல. 2013ல மகாராஷ்டிரால இமேஜிக்கா பார்க் தொறந்தப்ப நைட்ரோங்கிற பெரிய கோஸ்டருக்கு இவங்ககிட்டதான் போனாங்க. சின்ன பார்க்குன்னா கணக்கே வேற. நெதர்லாந்து வெக்கோமா கம்பெனிக்கு பூமராங்னு ஒரு மாடல், அதே தண்டவாளத்துல முன்னால போயி பின்னால திரும்பி வரும், ஒரே ரயில்தான், கொஞ்ச எடம் போதும், அதனாலயே ஒரே டிசைன அச்சு மாதிரி உலகம் பூரா வித்துட்டாங்க.

"அப்ப பேரு வாங்கணும்னு நெனைக்கிறவன்?" அப்பா கேட்டாரு.

அவன் இண்டமின்னு இன்னொரு கோஸ்டர் கம்பெனிகிட்ட போவான். 2003ல அமெரிக்காவுல ஒஹாயோ சீடர் பாய்ண்ட் பார்க்குல அவங்க கட்டுன டாப் த்ரில் டிராக்ஸ்டர் 128 மீட்டர் உயரம். அத மிஞ்சணும்னே ரெண்டு வருஷத்துல நியூஜெர்சில சிக்ஸ் ஃப்ளாக்ஸ் பார்க்குக்காரங்க அதே கம்பெனிய வச்சு 139 மீட்டர்ல கிங்டா கா கட்டுனாங்க. ஹைட்ராலிக் மோட்டார் கம்பிய இழுக்கும், மூணரை செகண்ட்ல 206 கிலோமீட்டர் வேகம். நம்ம தோட்டங்கள்ல முந்தி கொழுந்து மூட்டைய கம்பியில விட்ட மாதிரின்னு சொன்னதும் அப்பா கிட்ட வந்து உக்காந்துட்டாரு. உலகத்துலயே உயரம்னு போர்டு வச்சா சனம் வரும், சரி, ஆனா அந்த மாதிரி மெஷின் அடிக்கடி படுத்துரும், உதிரிச் சாமான கடையில போயி வாங்கவும் ஏலாது. டிராக்ஸ்டர்ல 2021ல ரயில்லருந்து ஒரு இரும்புத் துண்டு கழண்டு க்யூல நின்ன ஒரு அம்மாவுக்கு பலத்த அடி, அதோட மூடிட்டாங்க. பெறகு அத மாத்திக் கட்ட இத்தாலிக்கார சம்பெர்லாவுக்கு வேலையக் குடுத்து, 2024 மே மாசம் தொறந்து, பத்து நாள் கூட ஓடல, அந்த சீசன் முழுக்க திரும்ப மூடியாச்சு.

எங்க பெக்டரியிலயும் இதே கூத்துதான். தேயிலைய காய வைக்கிற அப்பா காலத்து சிரோக்கோ டிரையர் பெல்ஃபாஸ்ட்ல செஞ்சது, எது தேஞ்சாலும் ஹட்டன்ல லேத்துல கடைஞ்சு போட்டு ஓட்டிருவாங்க. பின்னால தேயிலைய நிறம் பாத்துப் பிரிக்கிற ஒரு கலர் சோர்ட்டர் மெஷின் வந்துச்சு, கேட்ட மூணு கொட்டேஷன்ல அதுதான் கொறைஞ்ச வெல, வித்த ஆளு ரெண்டாவது வருஷம் போனே எடுக்கல, உள்ள ஒரு எலக்ட்ரானிக் போர்ட் எரிஞ்சு மூணு மாசம் துணி போத்திக் கெடந்துச்சு. அதனாலதான் ஒரு பார்க் பழகின கம்பெனிகிட்டயே திரும்பத் திரும்பப் போறது எனக்கு ஆச்சரியமாவே தெரியல. பிட்டர்மாருக்கு அந்தச் சக்கரம் தெரியும், ஸ்டோர்ல அந்த சாமான் இருக்கும்.

எனக்குப் புடிச்ச கத ஜெர்மனி யூரோப்பா பார்க்குதான். மாக் குடும்பம் 1780லருந்து வண்டி செய்றவங்க, தாங்க செய்ற ராட்டினங்கள காட்டி விக்கிறதுக்குன்னே 1975ல பார்க் தொறந்தாங்க. ஆனா 2002ல 73 மீட்டர் உயரத்துல சில்வர் ஸ்டார்ங்கிற கோஸ்டர் வேணும்னப்ப சொந்தப் பட்டறைய விட்டுட்டு பி அண்ட் எம்கிட்ட வாங்குனாங்க! சொந்தமா பட்டறை வச்சிருக்கிறவனே அடுத்த பட்டறைக்குப் போறான்னா பாருங்க. அப்பா இதுக்கு மட்டும் "கெட்டிக்காரன்"னு சொன்னாரு.

கடைசியா கிங்டா காவ 2025 பிப்ரவரில வெடி வச்சு சாய்ச்ச வீடியோவ போட்டுக் காட்டினேன். மூணு தரம் திருப்பிப் போடச் சொன்னாரு. அப்புறம் கண்ணாடியக் கழட்டித் தொடச்சுக்கிட்டே, "அவ்ளோ இரும்பையும் யாருடா எடுத்தா?"ன்னாரு.