சுண்ணாம்பும் சோம்பேறி இறாலும்

என் உப்புத்தண்ணி மீன் தொட்டிக்குப் புதுசா வாங்கின பவளத் துண்டோட அடியில பழுப்பு நிறத்துல பூ மாதிரி ஒண்ணு இருந்துச்சு. அழகா இருக்கேன்னு விட்டுட்டேன். அதுதான் ஏப்டேசியா, தொட்டியில களை மாதிரி பெருகுற கடல் உயிரி. மூணு மாசத்துல எண்ணினா 23.

கத்தியால சுரண்டினதுதான் பெரிய முட்டாள்தனம். பாறையில துளி சதை மிச்சமிருந்தாலும் அதுலேர்ந்து புதுசு முளைக்கும். ஒண்ணை அஞ்சாக்கினேன்.

இப்போ சுண்ணாம்பு வைத்தியம். கால்சியம் ஹைட்ராக்சைடு பொடியை ஆர்.ஓ. தண்ணியில தோசைமாவு பதத்துல குழைச்சு, பம்பை நிறுத்திட்டு, சிரிஞ்சால ஏப்டேசியா வாய்க்குள்ள மெதுவா விடணும். அவசரப்பட்டா பொந்துக்குள்ள சுருங்கிடும். ஒரே நாள்ல நாலஞ்சுக்கு மேல வேண்டாம், தண்ணியோட பி.எச். எகிறிடும். (வெத்தலைச் சுண்ணாம்பு போதாதான்னு அம்மா கேட்டாங்க. அதுல என்னென்ன கலந்திருக்கோ, வேண்டாம்மா!)

கை எட்டாத பொந்துகளுக்காக, ஏப்டேசியாவைத் தின்னுற பெப்பர்மின்ட் இறால் ரெண்டு விட்டிருக்கேன். ஒண்ணு ராத்திரி ஒழுங்கா வேலை பாக்குது. இன்னொண்ணு மீன் தீனியைத் தின்னுட்டு சும்மா உக்காந்திருக்கு. பெர்கியான்னு ஓடில்லாத கடல் நத்தை ஒண்ணு இருக்கு, அதுக்கு ஏப்டேசியா மட்டும்தான் சாப்பாடு. வாங்கலாம்னா, இந்தச் சோம்பேறி இறால் அதையும் தின்னுடும்.